பழைய அவெஞ்சருக்கு வேறு ஹேண்டில்பார்: எதைப் போடலாம், எதைப் பார்க்க வேண்டும்

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 2008 மாடல் பஜாஜ் அவெஞ்சர் 200 பைக் வைத்திருக்கிறார், உயரம் ஐந்தடி நாலு அங்குலம், தினமும் மதுரைக்கு வேலைக்குப் போய்வருகிறார். செக்கானூரணி தாண்டுவதற்குள் தோள்பட்டை கடுக்க ஆரம்பித்துவிடுகிறதாம். இருக்கிற ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டுத் தட்டையான நேர் பார் போடலாமா, மெக்கானிக் ஒரு மணி நேர வேலை என்கிறார், நம்பலாமா என்பது கேள்வி.

மாற்றலாம், ஆனால் நேர் பார் உங்களுக்கு வேண்டாம். அவெஞ்சரில் ஃபுட்ரெஸ்ட் முன்னால் தள்ளி இருக்கிறது. காலும் முன்னே, கையும் முன்னே என்று நீட்டி உட்கார்ந்தால் முதுகு வளைந்து, ரோட்டில் விழுகிற ஒவ்வொரு பள்ளமும் நேராக இடுப்பில்தான் இறங்கும். தோள்வலியைக் கொடுத்துவிட்டு இடுப்புவலியை வாங்கி வருவதில் என்ன லாபம்? உங்கள் உயரத்துக்குத் தேவை, உயரம் கொஞ்சம் குறைந்து, கைப்பிடி உங்களை நோக்கி நன்றாகப் பின்னுக்கு வளைந்து வருகிற பார்.

எவ்வளவு பின்னுக்கு என்பதைக் கடையில் நின்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள். வண்டியை நிமிர்த்திப் பிடிக்க ஒருவரை வைத்துக்கொண்டு, சீட்டில் வழக்கம்போல உட்கார்ந்து, கண்ணை மூடி, முழங்கை லேசாக மடங்கியபடி கைகளை வசதியாக நீட்டுங்கள். அந்த இடத்துக்கும் இப்போதைய கைப்பிடிக்கும் எவ்வளவு தூரம் என்று இன்னொருவர் டேப் வைத்து அளக்கட்டும். இடைவெளி ஓரிரு அங்குலம்தான் என்றால் புது பாரே வேண்டாம், பாரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி இருக்கிற பாரையே கொஞ்சம் பின்னுக்குச் சுற்றி, லீவர்களைச் சரிசெய்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பலருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடுகிறது.

வாங்குவது என்றால் 22 மில்லிமீட்டர் குழாய்தான் பார்க்க வேண்டும். 25.4 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலக் குழாய், ஹார்லி மாதிரி வண்டிகளுக்கானது, உங்கள் கிளாம்பில் உட்காராது. பழைய பாரை வாங்காதீர்கள், அடிபட்டு நிமிர்த்தியதா என்று வெளியே தெரியாது. வெல்டிங் பட்டறையில் உங்கள் பாரையே வெட்டி ஒட்டி வேண்டிய வளைவில் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் இரும்பு பலம் குறைந்து, அதிர்வில் மெல்லக் கீறல் விடும். அவசரமாக பிரேக் பிடிக்கும்போது உடம்பு எடை மொத்தமும் பார் மேல்தான் சாயும். அந்த நேரம் பார்த்து அது முறிந்தால் என்ன ஆகும்?

இனி மாட்டுகிற வேலை. பார் மாட்டுவது சுலபம், அதில் தொங்குகிற கேபிளும் வயரும்தான் நேரம் எடுக்கும். பார் தாழ்ந்தால் கிளட்ச் கேபிளும் ஆக்சிலேட்டர் கேபிளும் நீளம் மிஞ்சும், அதை மடக்கி டேக் போட்டு இறுக்கிக் கட்டினால் கிளட்ச் கல்லாகிவிடும், கேபிளும் சீக்கிரம் அறுந்துபோகும். பெரிய வளைவாகத்தான் விட வேண்டும். எல்லாம் மாட்டியதும் நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் மெதுவாகத் திருப்புங்கள். திருப்பும்போது இன்ஜின் சத்தம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம், அப்படியே ரோட்டுக்கு எடுக்கவே கூடாது. கைப்பிடியை முறுக்கி விட்டால் இரண்டு கோடியிலும் டப்பென்று மூடிக்கொள்ள வேண்டும். கடைசி வரை திருப்பும்போது கட்டைவிரல் டேங்கில் நசுங்குகிறதா என்றும் பாருங்கள், பின்னுக்கு வளைந்த பாரில் இது அடிக்கடி நடக்கும். மதுரை கோரிப்பாளையம் நெரிசலில் யூ டர்ன் அடிக்கும்போது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை.

சுவிட்ச் பெட்டியைப் பிரித்தால் உள்ளே சின்ன முளை ஒன்று இருக்கும், பாரில் உள்ள துளைக்குள் போய் உட்கார்ந்து பெட்டியைச் சுழலாமல் பிடிப்பது அதுதான். புது பாரில் அந்தத் துளை பெரும்பாலும் இருக்காது. அவசரத்துக்கு முளையைத் தேய்த்து எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. கொஞ்ச நாளில் ஆக்சிலேட்டர் முறுக்கும்போது பெட்டியும் சேர்ந்து சுற்றும். லீவரும் சுவிட்சும் கைக்கு வாகாக இருக்கிற இடத்தைக் குறித்துக்கொண்டு, முளை அளவுக்கே, ஒரு பக்கச் சுவரில் மட்டும் துளை போட்டு, பிசிரை அரத்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

முன் பிரேக் ஹோஸ் எட்டுகிறது என்றால் அதைக் கழற்றவே வேண்டாம், பிரேக் லீவரோடு இருக்கும் ஆயில் கிண்ணத்தை, அதாவது மாஸ்டர் சிலிண்டரை, நிமிர்ந்தபடியே கட்டித் தொங்கவிட்டால் காற்று புகாது. பிரேக் ஆயில் பெட்ரோல் டேங்க் மேல் சிந்தினால் பெயின்ட்டைத் தின்றுவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கிளாம்ப் போல்ட்டை நெம்பி இறுக்கினால் மரை போய்விடும், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பழைய வண்டி என்பதால் முன் சக்கரத்தைத் தூக்கி வைத்து, ஹேண்டில் திரும்புகிற இடத்துப் பேரிங்கான கோன் செட்டையும் பார்த்துவிடுங்கள். நடுவில் வந்ததும் ஹேண்டில் பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால் கோன் செட் போய்விட்டது, அதையும் மாற்றுங்கள். ஆக, ஒரு மணி நேரம் போதாது, அரை நாள் வண்டியை விட்டுவிட்டு வாருங்கள்.

கழற்றிய பாரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி. விவரத்துக்கு மாறாகப் போகும் மாற்றங்களைத் தடுக்கிறது, உங்கள் வண்டியோ 15 வருடம் தாண்டியது. அடுத்த எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பழசையே மாட்டி வரச் சொன்னால் கையில் இருக்க வேண்டுமல்லவா?