பழையதைப் புதியதென்று விற்றால்: ஏழு நாள் கெடு முடிந்த பிறகு என்ன செய்வது?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பாளையங்கோட்டையில் கல்லூரிப் படிப்பைத் தொடங்கியிருக்கும் மகளுக்காக இணையக் கடை ஒன்றில் 41,500 ரூபாய் கொடுத்துப் புது லேப்டாப் வாங்கியிருக்கிறார். பார்சல் ஆடிக் கடைசியில் வந்ததால், ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்துப் பிரிக்கலாம் என்று பூசையறையில் வைத்துவிட்டார்கள். பத்தாம் நாள் பிரித்தபோது நான்கைந்து விசைகளில் விரல் பட்டுத் தேய்ந்த பளபளப்பு இருந்தது. மூடியின் ஓரத்தில் ஏதோ ஸ்டிக்கரை உரித்தெடுத்த பிசின் ஒட்டிக்கொண்டிருந்தது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் உள்ள சர்வீஸ் சென்டரில் காட்டியபோது, இதன் வாரன்டி ஏழு மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். கடைக்காரர்களோ, திருப்பி அனுப்புவதற்கான 7 நாள் கெடு முடிந்துவிட்டது என்று ஒரே வரியில் புகாரை முடித்துவிட்டார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா, வழக்கென்றால் கடையின் அலுவலகம் இருக்கும் பெங்களூருக்கு அலைய வேண்டுமா, அதுவரை மகள் அந்த லேப்டாப்பைப் பயன்படுத்தலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

பணத்தைக் கேட்டுப் பெற உங்களுக்கு வழி இருக்கிறது. ஆனால் முதலில் உங்கள் புகாரின் பெயரை நீங்கள் மாற்ற வேண்டும். கடையின் செயலியில் புகார் செய்யும்போது, காரணம் கேட்டு வரும் பட்டியலில் 'பொருள் பழுது' என்பதைத் தேர்ந்தெடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். பழுது என்று சொன்னால் அது வாரன்டி விவகாரமாகிவிடும். மெக்கானிக்கை அனுப்புவார்கள், அவர் வந்து இயந்திரம் நன்றாகத்தான் ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார், அந்தத் தாள் உங்களுக்கு எதிரான சாட்சியாக நிற்கும். உங்கள் லேப்டாப் பழுதானது என்பது உங்கள் குறையே அல்ல. பிறர் பயன்படுத்திய பொருளைப் புதியதென்று சொல்லிப் புதியதன் விலைக்கு விற்றார்கள் என்பதுதான் குறை. முதல் மின்னஞ்சலிலிருந்து நுகர்வோர் ஆணையத்தில் தரும் மனு வரை எல்லாவற்றிலும் இந்த ஒரே வாக்கியம் இருக்க வேண்டும்.

சட்டத்தில் இதற்குத் தனியாகவே இடம் இருக்கிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, நேர்மையற்ற வணிக முறை என்றால் என்ன என்பதைப் பிரிவு 2(47)இல் விளக்கும்போது, பயன்படுத்தியதையும் புதுப்பித்ததையும் பழையதையும் புதியதென்று பொய்யாகக் காட்டி விற்பதை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. அதே மாதத்தில் வந்த மின்வணிக விதிகள், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கவோ பணத்தைத் தர மறுக்கவோ விற்பனையாளருக்கு அதிகாரம் இல்லை என்கின்றன. ஏழு நாள், பத்து நாள் என்ற கெடுவெல்லாம், பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்று நாமே மனம் மாறித் திருப்பி அனுப்புவதற்குக் கடை தரும் சலுகை என்றுதான் கொள்ள வேண்டும். புதியது என்று சொன்ன பொய் எட்டாம் நாள் உண்மையாகிவிடாது. ஆணையத்தில் மனுச் செய்யச் சட்டம் தரும் காலம் இரண்டு ஆண்டுகள்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொருளைப் பிரிக்காமல் நாள் பார்த்து வைத்திருந்ததால் உங்கள் உரிமை போய்விடவில்லை. ஆனால் மூன்று நாளில் முடிந்திருக்கக்கூடிய வேலை மாதக்கணக்காகிவிட்டது. டவுன் ரத வீதிக் கடையில் மிக்ஸி வாங்கினால், கடைக்காரர் நம் முன்னாலேயே பெட்டியைப் பிரித்து, பிளக்கில் சொருகி ஓடவிட்டுக் காட்டிய பிறகுதான் திரும்பக் கட்டித் தருவார். இணையத்தில் வாங்கும்போது அந்தக் கடைக்காரரின் வேலையும் நம் தலையில்தான் விழுகிறது. நல்ல நாளில் பயன்படுத்தத் தொடங்குங்கள்; பிரித்துப் பார்ப்பதை மட்டும் வந்த அன்றே செய்துவிடுங்கள்.

பழைய பொருள் எப்படிப் புதுப் பெட்டிக்குள் வருகிறது என்று தெரிந்தால், எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். ஒருவர் வாங்கிச் சில நாள் பயன்படுத்திவிட்டுத் திருப்பி அனுப்புகிறார். கிடங்கில் மேலோட்டமாகத் துடைத்து, மறுபடி டேப் ஒட்டி, புதுச்சரக்கோடு சேர்த்துவிடுகிறார்கள். சில சமயம் திருப்பி அனுப்புபவரே புதியதை எடுத்துக்கொண்டு தன் பழையதைப் பெட்டியில் வைத்துவிடுவதும் உண்டு. எடை சரியாக இருந்தால் கிடங்கில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆகவே விற்றவருக்கே தெரியாமல் நடந்திருக்கவும் கூடும். ஆனால் பணம் கொடுத்தவர் அந்த இழப்பைச் சுமக்க வேண்டிய அவசியம் இல்லை. எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்த மிக்ஸி வெளியே கண்ணாடி மாதிரி மின்னியது. என் தாயார் சட்னி ஜாரின் மூடியிலிருந்து ரப்பர் வாஷரை நகத்தால் நெம்பி எடுத்தார்; அதன் அடியில் மஞ்சள் கறையும், காய்ந்து ஒட்டிய தேங்காய்த் துருவலும் இருந்தன. வெளிப்பக்கத்தை எத்தனை முறை துடைத்தாலும், கை எட்டாத மடிப்பில் பழைய வீட்டின் சமையல் தங்கியிருந்தது.

லேப்டாப்புக்கும் அப்படிப்பட்ட மடிப்புகள் உண்டு. வாரன்டி தொடங்கிய தேதியை மட்டும் நம்பி வழக்கை நடத்தாதீர்கள். பெட்டி தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய நாளையே தொடக்கமாக வைத்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. ஆறேழு மாதம் கிடங்கில் பிரிக்காமல் கிடந்த புதுப்பொருளுக்கும் அப்படிக் காட்டும், பில்லை அனுப்பினால் தேதியைத் திருத்தியும் தருவார்கள். எதிர்த்தரப்பு இதைத்தான் முதலில் சொல்லும். பயன்பாட்டைக் காட்டுபவை வேறு இரண்டு கணக்குகள்: பேட்டரி இதுவரை எத்தனை சுழற்சி சார்ஜ் ஏறி இறங்கியிருக்கிறது என்பது ஒன்று, உள்ளே கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டையும் இயந்திரமே எண்ணி வைத்திருக்கும். கணினி தெரிந்த யாரும் சில நிமிடங்களில் அறிக்கையாக எடுத்துத் தருவார்கள். ஒற்றை இலக்கச் சுழற்சியென்றால் அது சோதனைக்காக ஓடவிட்டதாக இருக்கலாம். நூற்றுக்கு மேல் போயிருந்தால் அதை யாரும் புதியது என்று சொல்ல முடியாது. அறிக்கையை எடுக்கும் முன் ரீசெட் செய்யாதீர்கள், முந்தையவரின் பெயரோ கோப்போ கண்ணில் பட்டால் அதை அழிக்காமல் திரையைப் படமெடுத்து வையுங்கள்.

சர்வீஸ் சென்டருக்கு மறுபடி ஒருமுறை போக வேண்டியிருக்கும். வாயால் சொன்னதை எழுத்தில் தருவதற்கு அங்கே பெரும்பாலும் தயங்குவார்கள். 'இது பழையது' என்று எழுதித் தரும்படி கேட்டால் நிச்சயம் மறுப்பார்கள். அபிப்பிராயத்தைக் கேட்காமல் விவரத்தை மட்டும் கேளுங்கள். சீரியல் நம்பர், வாரன்டி தொடங்கிய தேதி, பேட்டரி சுழற்சி எண்ணிக்கை, இதற்கு முன் இந்த இயந்திரம் எங்காவது சர்வீஸுக்கு வந்திருக்கிறதா என்ற விவரம் ஆகியவற்றை ஜாப் ஷீட்டில் எழுதி முத்திரையிட்டுத் தந்தால் போதும்.

இதோடு, அந்தப் பொருளின் விற்பனைப் பக்கத்தை இன்றைக்கே படமெடுத்துக்கொள்ளுங்கள். 'ரிஃபர்பிஷ்டு', அதாவது புதுப்பித்தது, என்று சொல்லியே விற்பது சட்டப்படி சரியான வியாபாரம். எங்கேயும் அப்படிச் சொல்லவில்லை என்பதை நீங்கள் காட்ட வேண்டும், அந்தப் பக்கமோ நாளைக்கே மாறிவிடலாம். பில், பெட்டியின் எல்லாப் பக்கங்களும், ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிய டேப் இருந்தால் அது, பார்சல் லேபிள் எல்லாம் தேவைப்படும். நீங்கள் பிரித்தபோது வீடியோ எடுக்கவில்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். பிரிக்கும் வீடியோ இல்லாவிட்டால் புகார் செல்லாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இருந்தால் வாதம் சுருங்கும், அவ்வளவுதான். இனிமேல் வாங்கும்போது, வாசலிலேயே பிரித்துக் காட்டும் டெலிவரி வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பார்சல் கொண்டுவருபவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் பொருளைப் பார்ப்பதற்கு முன் ஓடிபியைச் சொல்லாதீர்கள், ஏனென்றால் அதைச் சொல்வது 'சரியாகப் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போடுவதற்குச் சமம். கைபேசி என்றால் ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அழுத்தி வரும் ஐஎம்இஐ என்ற அடையாள எண், பெட்டியிலும் பில்லிலும் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று அப்போதே பாருங்கள்.

இனி எங்கே எழுதுவது என்பது. ஒவ்வொரு இணையக் கடையும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்தில் காட்ட வேண்டும் என்பது விதி. 48 மணி நேரத்துக்குள் அவர் உங்கள் புகாரைப் பெற்றதாகப் பதில் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். செயலியில் பேசும் உதவியாளர்களை விட்டுவிட்டு நேரே இவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். உதவி எண்ணை கூகுளில் தேடி அழைக்காதீர்கள். அங்கே போலி எண்கள் நிறைய உண்டு, பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி வங்கி விவரத்தைக் கேட்பார்கள். அப்படிப் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இலும் உங்கள் புகாரைப் பதிவு செய்யுங்கள். அங்கே உத்தரவு போட மாட்டார்கள். நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள், பல வழக்குகள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன. டெபிட் கார்டில் பணம் கட்டியிருப்பதால் வங்கிக்கும் ஒரு ஆட்சேபக் கடிதம் கொடுத்து வையுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் பெங்களூருக்குப் போக வேண்டியதில்லை. 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் மனுச் செய்யலாம் என்றிருந்தது. இப்போதைய சட்டத்தின் 34ஆம் பிரிவு, மனுதாரர் குடியிருக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம் என்கிறது. ஆகவே உங்களுக்குத் திருநெல்வேலி ஆணையமே போதும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இணையவழித் தாக்கலுக்கு இ-ஜாக்ரிதி தளம் இருக்கிறது. விற்பனையாளர், இணையக் கடை ஆகிய இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். 'நாங்கள் சந்தை மட்டும்தான், விற்றவர் வேறு' என்று கடை சொல்லும். அந்தப் பொறுப்பை யார் எவ்வளவு சுமக்க வேண்டும் என்பதை ஆணையம் பார்த்துக்கொள்ளும், மனுவில் ஒருவரை விட்டுவிட்டால் பிறகு அலைச்சல் உங்களுக்குத்தான். விற்பனையாளரின் முகவரி பில்லில் இருக்கும். வேண்டுகோளில் வட்டியுடன் பணத்தைத் திருப்பித் தருவதை முதலாகவும், அதே வகைப் புது லேப்டாப்பை மாற்றாகவும் கேட்டு, அலைச்சலுக்கான இழப்பீட்டையும் செலவுத் தொகையையும் தனியாகக் குறிப்பிடுங்கள். ஆய்வகச் சோதனை தேவைப்படாத வழக்கை எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிட நீளும் என்று மனத்தைத் தயார் செய்துகொள்வது நல்லது.

இடையில் கடை இறங்கிவந்து பொருளை எடுத்துச்செல்ல ஆள் அனுப்பினால், சீரியல் நம்பர் தெரியும்படி லேப்டாப்பையும், அதைப் பெட்டிக்குள் வைப்பதையும், எடுத்துச்செல்பவர் கையில் கொடுப்பதையும் ஒரே வீடியோவாக எடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான குறுஞ்செய்தி வராமல் பெட்டியை விடாதீர்கள். 'வந்தது வேறு இயந்திரம்' என்று சொல்லிப் பணத்தை நிறுத்திவைத்த சம்பவங்களை நான் பார்த்திருக்கிறேன்.

மகள் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். பேட்டரி, எஸ்எஸ்டி அறிக்கைகள் இரண்டையும் தேதியுடன் எடுத்து, சர்வீஸ் சென்டர் தாளும் கைக்கு வரும்வரை தொட வேண்டாம். அதன் பிறகும் தொடாமல் வைத்திருப்பதுதான் வழக்குக்கு நல்லது. அந்த எண்ணிக்கையில் ஒன்று கூடினாலும் அது நீங்கள் கூட்டியது என்பார்கள். படிப்புக்கு வேறு வழியே இல்லையென்றால், படிப்பு பாதிக்கப்படுவதால் வேறு வழியின்றி இன்ன தேதி முதல் பயன்படுத்துகிறோம், அன்றைய எண்ணிக்கை இவ்வளவு என்று குறைதீர் அலுவலருக்கு ஒரு மின்னஞ்சலை அனுப்பிவிட்டு, அதன் பிறகு மகளிடம் கொடுங்கள்.