டைனோசர்களும் நோவாவின் பேழையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டைனோசர்கள் 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி அழிந்தன என்று என் மகனுக்குப் பாடசாலையில் கற்பிக்கிறார்கள். ஞாயிறு பாடசாலையிலோ, அவை மனிதனோடு ஆறாம் நாளில் படைக்கப்பட்டு, நோவா காலத்து வெள்ளத்தை ஒட்டி அழிந்தன என்கிறார்கள். "அம்மா, யார் சொல்வது உண்மை?" என்று கேட்கிறான். நான் என்ன சொல்வது?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: சகோதரி, ஞாயிறு பாடசாலையில் சொல்லப்பட்டது அந்த ஆசிரியரின் சொந்தக் கற்பனை அல்ல. ஆதியாகமத்தின் ஆறு நாட்களையும் இருபத்துநான்கு மணிநேர நாட்களாகக் கொண்டு, வம்ச வரலாறுகளில் உள்ள வயதுகளைக் கூட்டிப் பார்ப்பவர்களுக்கு உலகத்தின் வயது ஏறத்தாழ 6,000 ஆண்டுகள் என்று வருகிறது. அயர்லாந்தின் ஆர்மா பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வெளியிட்ட கணக்கின்படி படைப்பு நிகழ்ந்தது கி.மு. 4004இல். தரையில் வாழும் மிருகங்கள் ஆறாம் நாளில் உண்டானபடியால் டைனோசர்களும் ஆதாமும் ஒரே நாளில் படைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும், அவற்றின் குட்டிகள் சோடி சோடியாகப் பேழைக்குள் சென்றிருக்கலாம் என்பதும், வெளியே நின்றவை சேற்றில் புதைந்து புதைபடிவங்களாயின என்பதும், பேழையிலிருந்து இறங்கியவை பின்வந்த பனியுகத்தாலும் உணவுப் பஞ்சத்தாலும் மனிதரின் வேட்டையாலும் அற்றுப்போயின என்பதும் அவர்களுடைய விளக்கம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 2016இல் திறக்கப்பட்ட முழு அளவிலான பேழை மாதிரியில் டைனோசர் உருவங்களையும் கூண்டுகளில் வைத்திருக்கிறார்கள்.

இதில் வேதாகமத்தில் எழுதியிருப்பது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆறாம் நாள் எழுதியிருக்கிறது, வெள்ளம் எழுதியிருக்கிறது, 300 முழ நீளப் பேழை எழுதியிருக்கிறது. வெள்ளத்துக்குப் பின்னான பனியுகமோ, டைனோசர் வேட்டையோ எந்த அதிகாரத்திலும் இல்லை. அவை மனிதர் ஊகித்துச் சேர்த்தவை. அந்த ஊகங்களைத் தேவனுடைய வசனத்துக்குச் சமமாக ஒரு பிள்ளையின் மனதில் பதிய வைப்பதை நான் மிகவும் கவலையோடு பார்க்கிறேன்.

விஞ்ஞானப் பாடத்தில் சொன்னதற்கு மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. இத்தாலியின் குபியோ நகருக்கு அருகே சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே மெல்லிய களிமண் படை ஒன்று உண்டு. பூமியின் மேற்பரப்பில் மிக அரிதானதும் விண்கற்களில் தாராளமாக உள்ளதுமான இரிடியம் அதில் அளவுக்கு மீறி இருப்பதை லூயிஸ் அல்வாரெஸ், அவருடைய மகன் வால்டர் ஆகியோரின் குழு 1980இல் அறிவித்தது. பின்னர் மெக்சிக்கோவின் யுகாட்டான் கரையில் ஏறத்தாழ 180 கிலோமீற்றர் அகலமான சிக்சுலுப் பள்ளம், அதே காலத்து மோதலின் தடமாக அடையாளம் காணப்பட்டது. அக்காலத்தில் இந்தியாவின் தக்காணத்தில் பொங்கிய எரிமலைகளின் பங்கு எவ்வளவு என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் விவாதம் உண்டு. காலத்தைப் பற்றி அவர்களுக்குள் அப்படியான விவாதம் இல்லை.

வெள்ளம்தான் இவற்றையெல்லாம் புதைத்தது என்பவர்களிடம் நான் கேட்க விரும்புவது கூடுகளைப் பற்றி. நர்மதைப் பள்ளத்தாக்கில், மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில், நீண்ட கழுத்துள்ள தாவரவுண்ணி டைனோசர்களின் 92 கூடுகளும் 256 முட்டைகளும் கண்டுபிடிக்கப்பட்டதாக 2023இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இன்றைய முதலைகளைப் போல ஆழமில்லாத குழிகளில் முட்டையிட்டுப் புதைத்திருக்கின்றன. ஆதியாகமத்தின் கணக்கில் வெள்ளம் தொடங்கியதிலிருந்து பூமி காயும்வரை ஓர் ஆண்டுக்குச் சற்று அதிகம்; உலகமே மூழ்கிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் இந்த விலங்குகள் எங்கே நின்று இத்தனை குழி தோண்டின? தண்ணீர் இடையிடையே வடிந்த சிறு பொழுதுகளில் முட்டையிட்டன என்பது அவர்கள் தரும் பதில். ஆனால் அதே தக்காணத்தில், எரிமலைக் குழம்பு இறுகிய ஒரு படைக்கும் அதற்கு மேலுள்ள படைக்கும் இடையே செம்மண் உருவாகியிருக்கிறது. பாறை உக்கி மண்ணாவதற்கு வெயிலும் மழையும் நெடுங்காலமும் வேண்டும். சில நாட்கள் தண்ணீர் வடிந்திருந்தால் போதாது.

ஆகவே உங்கள் மகனிடம், படைத்தவர் தேவன் என்பதை வேதாகமம் சொல்கிறது, டைனோசர்கள் எப்போது எப்படி அழிந்தன என்பதை அது சொல்ல வரவில்லை, அதைப் பாறைகளிலிருந்துதான் படிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். இது புதுமைவாதிகளின் சமரசமும் அல்ல. வானத்தையும் பூமியையும் பற்றி அவிசுவாசிகளும் நன்கு அறிந்திருக்கும் விஷயங்களில் கிறிஸ்தவர்கள் வேதத்தின் பெயரால் தவறாகப் பேசினால், உயிர்த்தெழுதலைப் பற்றி அதே வேதம் சொல்வதை அவர்கள் எப்படி நம்புவார்கள் என்று பரிசுத்த அகுஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டிலேயே கேட்டிருக்கிறார்.

கேள்வி: டைனோசர் எலும்பில் மென்மையான திசு கிடைத்திருக்கிறதே, அப்படியானால் அது சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியதுதானே?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கிடைத்தது உண்மை. அமெரிக்காவின் மொன்டானாவில் எடுக்கப்பட்ட டைரனோசோரஸ் தொடையெலும்பின் கனிமங்களை அமிலத்தில் கரைத்தபோது, இழுபடக்கூடிய, இரத்தக் குழாய் போன்ற அமைப்புகள் எஞ்சியதாக 2005இல் அறிவித்தவர் புதைபடிவ ஆய்வாளர் மேரி ஷ்வைட்சர். இரத்தத்திலிருந்த இரும்பு திசுக்களை அழுகாமல் காத்திருக்கலாம் என்பதைப் பின்னர் பரிசோதனைகளால் காட்டியவரும் அவரே. அவர் கிறிஸ்தவ விசுவாசி. தம் கண்டுபிடிப்பை இளம் பூமிக்குச் சான்றாகக் காட்டுவதை ஏற்காதவர். டெக்சாசின் பலுக்சி ஆற்றுப் படுகையில் டைனோசர் தடங்களுக்கு அருகே மனிதக் காலடிகள் இருப்பதாகச் சொல்லப்பட்டதையும் 1986 அளவில் அதைப் பரப்பியவர்களே விலக்கிக்கொண்டார்கள். அந்தத் தடங்களின் படம் இன்றும் கைபேசிகளில் சுற்றி வருவதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: யோபு 40இல் வரும் பிகெமோத் டைனோசர் இல்லையா? அதன் வால் கேதுரு மரத்தைப் போன்றது என்று எழுதியிருக்கிறதே.
– வாசகி, தெமட்டகொடை

பதில்: பிகெமோத் என்ற அந்தப் பெரிய மிருகத்தை நீர்யானை என்று விளக்குவோர் பலர். நீர்யானையின் வால் குட்டையானது என்பதால் இந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தப் பகுதி கவிதை. அடுத்த அதிகாரத்தில் வரும் லிவியாதான் என்ற நீர்வாழ் மிருகத்தின் வாயிலிருந்து தீப்பொறி பறக்கிறது. அதை எழுத்துக்கு எழுத்து விலங்கியலாக வாசிக்காதவர் வாலை மட்டும் அளந்து பார்ப்பது பொருந்தாது. மாட்டைப் போல் புல் தின்பது, நாணல்களின் மறைவிலும் சேற்றிலும் படுப்பது, ஆறு புரண்டு வந்தாலும் அஞ்சாதது ஆகிய மற்ற அடையாளங்கள் நீர்யானைக்கே பொருந்துவதால்தான் உரையாசிரியர்கள் பலர் அதைச் சொன்னார்கள். நீர்யானை நம் தீவிலும் ஒரு காலத்தில் வாழ்ந்தது. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளின் சரளைப் படைகளிலிருந்து கிடைத்த நீர்யானை, காண்டாமிருகம், யானை ஆகியவற்றின் எச்சங்களை இலங்கை விலங்கியலாளர் பி. ஈ. பி. தெரணியகல ஆராய்ந்து எழுதியிருக்கிறார். எல்லா மிருகங்களும் ஒரே வெள்ளத்தில் ஒன்றாகப் புதைந்திருந்தால் அந்தப் படைகளில் டைனோசர் எலும்புகளும் கலந்து வந்திருக்க வேண்டும். ஒரு துண்டுகூட வந்ததில்லை.