நட்சத்திரம் பிடிக்க எந்த லென்ஸ்?

கேள்வி: பூம்பாறையில் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறேன். பால்வீதியைப் படம் எடுத்து வரவேற்பறையில் மாட்ட ஆசை. சோனி ஏ6400 கேமராவும், கூடவே வந்த 16-50 கிட் லென்ஸும் இருக்கின்றன. 10-18 எஃப் 4 ஜூம் வாங்கவா, சிக்மா 16 எஃப் 1.4 வாங்கவா? கடைக்காரர், "வானம் முழுக்க வரணும்னா பத்து மில்லிமீட்டர்தான்" என்கிறார்.

பதில்: சிக்மா 16 வாங்குங்கள். கடைக்காரர் சொல்வது பகலுக்குச் சரி. இரவில் முதலில் பார்க்க வேண்டியது லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கிறது என்பதை. குவியத்தூரத்தை (லென்ஸின் 10, 16 என்ற மி.மீ. எண்) எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் வரும். 10-ஐ 4-ஆல் வகுத்தால் 2.5 மி.மீ.; 16-ஐ 1.4-ஆல் வகுத்தால் 11 மி.மீ.க்குச் சற்று மேல். ஒன்று கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, மற்றது சட்டைப் பொத்தான் அளவு. எஃப் 4-க்கும் எஃப் 1.4-க்கும் இடையே வெளிச்சம் 8 மடங்கு மாறும்.

அகல லென்ஸில் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம், ஆனால் இழந்த வெளிச்சம் முழுதாகத் திரும்பாது. பூமி சுழல்வதால் நட்சத்திரம் நகர்கிறது. நேரம் கூடினால் புள்ளி கோடாக நீளும். 500-ஐக் குவியத்தூரத்தாலும் கிராப் எண்ணாலும் (சிறிய சென்சாருக்கான பெருக்கு எண், உங்கள் கேமராவுக்கு 1.5) வகுக்கும் பழைய கணக்குப்படி 16 மி.மீ.க்கு 20 விநாடி வரும். அது ஃபிலிம் காலத்துத் தாராளம். 24 மெகாபிக்சல் கிராப் சென்சாரில் அந்த 20 விநாடிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளியெல்லாம் அரிசிமணியாக நீண்டிருக்கும். உங்கள் கேமராவில் 16 மி.மீ.க்கு 10 முதல் 12 விநாடி, 10 மி.மீ.க்கு சுமார் 25 விநாடி. ஆக, நேரத்தில் இரண்டரை மடங்கு லாபம், வெளிச்சத்தில் 8 மடங்கு நஷ்டம்.

அகலம் போதுமா? கேமராவைச் செங்குத்தாக நிறுத்தினால் 16 மி.மீ. சுமார் 72 பாகை உயரம் பிடிக்கும். பழனி மலை வட அட்சம் 10 பாகையில் இருப்பதால் பால்வீதியின் மையம் நமக்கு அதிகபட்சம் 51 பாகை வரை ஏறும். மூல நட்சத்திரமான தேள்கொடுக்குக்கும் பூராடத்துக்கும் நடுவே தேடுங்கள். ஏப்ரல் நடுவில் அதிகாலை நாலரை மணிக்கு அது உச்சத்தில் இருக்கும். படத்தின் அடியில் 15 பாகை அளவுக்குப் பூண்டு வயலையும் வீட்டுக் கூரைகளையும் வைத்தாலும் மேலே 57 பாகை வரை இடம் உண்டு. பிப்ரவரி மூன்றாம் வாரம் 5 மணிக்கு அதே மையம் 30 பாகையில்தான் நிற்கும். சட்டத்துக்குள் இன்னும் வசதியாக உட்காரும். உங்கள் ஊருக்குக் கிழக்கே கொடைக்கானல் நகர வெளிச்சம் இருப்பதால், அடிவானத்தை விட்டு நன்றாக மேலேறிய பிறகு எடுங்கள். பால்வீதியை முழு வளைவாக வேண்டுமென்றால் பத்து மில்லிமீட்டரும் போதாது. செங்குத்தாக ஐந்தாறு படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கு அடுத்ததோடு மேற்படியும்படி ஒட்ட வேண்டியதுதான்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஏப்ரலில் மையம் படத்தின் மேல் விளிம்பை ஒட்டி வருகிறது. எந்த லென்ஸும் வாயை முழுக்கத் திறந்தால் தடுமாறும் இடம் விளிம்புதான்: நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் சிறகு விரித்த குருவி மாதிரி ஆகும். இந்தக் குறைக்குக் கோமா என்று பெயர். ஆகவே எஃப் 2-க்கு மூடி, 12 விநாடி, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 3200-ல் தொடங்குங்கள். ஜூமுக்குக் கிடைக்கும் கூடுதல் நேரத்தைக் கணக்கில் சேர்த்தாலும், எஃப் 2-லும் ஜூமைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வெளிச்சம் கையில் இருக்கும்.

பணம் கட்டுமுன் அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில் கிட் லென்ஸை 16-ல் வைத்து எடுத்துப் பாருங்கள். படம் இருட்டாகத்தான் வரும், ஆனால் கோணம் அதேதான். அகலம் பற்றிய சந்தேகம் செலவில்லாமல் தீரும்.

கேள்வி: கோத்தகிரி. இணையத்தில் வாங்கிய 14 மி.மீ. எஃப் 2.8 லென்ஸில் வலது ஓர நட்சத்திரங்கள் மட்டும் இழுத்துக்கொண்டு போகின்றன, இடது ஓரம் சுத்தம். "அகல லென்ஸ் என்றால் அப்படித்தான்" என்கிறார் விற்றவர். உண்மையா?

பதில்: நான்கு மூலையும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் அவர் சொல்வது உண்மை, அது வடிவமைப்பின் எல்லை. ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியோ சாய்ந்தோ உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அது அந்த ஒரு லென்ஸின் குறை.

திருப்பி அனுப்பும் கெடு முடியுமுன் நிரூபித்துவிடுங்கள். டிரைபாடில் கேமராவை வைத்து, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை நடுவில் கொண்டுவந்து, திரையில் 10 மடங்கு பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறிதாகும்வரை வளையத்தைத் திருப்புங்கள். முடிவிலிக் குறியை நம்பாதீர்கள், கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ்களில் அது அடிக்கடி தள்ளியே இருக்கும். பிறகு வளையத்தைத் தொடாமல் அதே நட்சத்திரத்தை நான்கு மூலைக்கும் நகர்த்தி, எஃப் 2.8-ல் 5 விநாடி வீதம் ஒவ்வொரு படம். கடைசியில் நடுவில் இன்னொன்று. ஃபோகஸ் நகரவில்லை என்பதற்கு அது சாட்சி. கேமராவைத் தலைகீழாகத் திருப்பியும் ஒரு சுற்று எடுங்கள். அப்போதும் படத்தின் அதே மூலைதான் கெடுகிறது என்றால் வானத்தின் மேல் பழி போட முடியாது. வேறொரு லென்ஸில் அந்த மூலை சுத்தமாக வந்தால் கேமராவும் தப்பியது.

வாரம் முழுக்க மேகமா? மலை விளிம்பில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: கீழே சமவெளியில் மினுங்கும் தெருவிளக்குகளே நட்சத்திரங்கள். மேட்டுப்பாளையம் பக்கம் தெரியும் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ஒற்றை விளக்கு ஒன்றைப் பிடித்துச் சோதிக்கலாம்.

படங்களோடு எழுத்தில் புகார் அனுப்புங்கள், ஃபோனில் மட்டும் பேசி விடாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளிலேயே உள்ளது. அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் போக வேண்டுமானால், விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. உங்களுக்கு உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கெடு 2 ஆண்டு. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஜி.எஸ்.டி. பில் அவசியம் வேண்டும். பில் இல்லாமல் மலிவாக வரும் இறக்குமதி லென்ஸ்களை நாங்கள் பரிந்துரைக்காததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கேள்வி: குன்னூர். நிக்கான் டி5600-க்குப் பழைய டோக்கினா 11-16 எஃப் 2.8 குறைந்த விலைக்கு வருகிறது. ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாதாம். வாங்கலாமா?

பதில்: அது முதல் பதிப்பாக இருக்கும். நிக்கானுக்கான அந்தப் பதிப்பில் லென்ஸுக்குள் மோட்டார் இல்லை, உங்கள் கேமரா பாடியிலும் இல்லை. நட்சத்திரத்துக்கு எப்படியும் கையால்தான் ஃபோகஸ் என்பதால் உங்களுக்கு நஷ்டமில்லை. அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி ஊதா விளிம்பு தெரியும், அதைக் கணினியில் சரிசெய்துகொள்ளலாம்.

பயப்பட வேண்டியது பூஞ்சைக்கு. லென்ஸின் துளையை (அபெர்ச்சர்) முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கம் பாருங்கள். தூசி தனித்தனிப் புள்ளி. பத்துப் பன்னிரண்டு இருந்தாலும் பரவாயில்லை. சிலந்தி வலை போலவோ வேர் போலவோ கிளை விட்டிருந்தால் பூஞ்சை. கண்ணாடியின் மேல்பூச்சை அது அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. மொத்தமாகப் புகைபடிந்தது போலிருந்தாலும் வேண்டாம். பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி வெள்ளையாகப் பரவும். வெயிலில் வைத்தால் போய்விடும் என்று விற்பவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். தனிநபரிடம் வாங்குவதால் பிறகு நுகர்வோர் ஆணையம் கைகொடுக்கும் என்று எண்ணவும் வேண்டாம்.

வாங்கிய பிறகு, மழைக்காலம் முழுக்கத் தோல் பையில் வைத்து பீரோவில் பூட்டுவதுதான் பூஞ்சைக்கு நாம் போடும் உரம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சிறிய ஈரப்பதமானி: 40 முதல் 50 சதவீதத்தில் நிற்க வேண்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது. சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம்.

கேள்வி: ஒளிமாசு ஃபில்டர் போட்டால் கோயம்புத்தூர் வெளிச்சம் மறையுமா?

பதில்: பழைய மஞ்சள் சோடியம் விளக்குகளின் ஒளி குறுகிய நிறப்பட்டையில் இருந்ததால் அதை ஓரளவு வெட்ட முடிந்தது. எல்.இ.டி. எல்லா நிறத்திலும் வீசுகிறது, வெட்ட வழியில்லை. தவிர, முன் கண்ணாடி பிதுங்கிய 14 மி.மீ. லென்ஸ்களில் ஃபில்டரைத் திருக இடமே கிடையாது. அந்தப் பணத்துக்கு மலையின் மறுபக்கம் போய்வரலாம்.

கேள்வி: அரைமணி நேரத்தில் லென்ஸ் மேல் பனி மூடிவிடுகிறது. எஃப் எண் குறைந்த லென்ஸில் இது வராதா?

பதில்: எந்த லென்ஸிலும் வரும், முன் கண்ணாடி பெரிதாக இருந்தால் சீக்கிரமே வரும். தெளிந்த வானத்தை நோக்கிய கண்ணாடி சூட்டை வெளியே விட்டுக்கொண்டே இருப்பதால் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து ஈரத்தை இழுக்கிறது. துடைத்தால் ஈரம் பரவுமே தவிரப் போகாது. யு.எஸ்.பி. சூட்டுப் பட்டை ஒன்று வாங்குங்கள். 5 வாட் பட்டையை 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஐந்தாறு மணி நேரம் ஓட்டும், ஊட்டிக் குளிரில் அதற்கும் குறைவு. ஃபோகஸ் வளையத்துக்கு முன்னால், முன் கண்ணாடியை ஒட்டிச் சுற்ற வேண்டும். முக்கியமாக, பனி படிந்தபின் போடாதீர்கள், தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். சூடு ஏறினால் ஃபோகஸும் சற்று நகரும். ஆகவே போட்டுக் கால் மணி நேரம் கழித்து ஃபோகஸ் செய்து, வளையத்தை டேப் ஒட்டி நிறுத்திவிட்டு முதல் படம் எடுங்கள்.