2013 வேகன் ஆர் ஹைபிரிட்டோ?

அண்ணை, 2013 வேகன் ஆரை ஹைபிரிட், அதாவது எஞ்சினோட மின் மோட்டரும் சேந்து தள்ளுற கார் எண்டு விக்கப் பாக்கினம், நம்பலாமோ எண்டு கேட்டிருந்தீங்கள். நம்பாதேங்கோ. 2012 செப்டம்பரில சுசூகி கொண்டு வந்தது எனெ-சார்ஜ், அது வேகம் குறையேக்க வாற கரண்டை முன் பசஞ்சர் சீற்றுக்குக் கீழ இருக்கிற லித்தியம் பெற்றரியில சேத்து மீற்றர், ரேடியோ மாதிரிச் சாமானுக்குக் குடுக்கும், அவ்வளவுதான், காரைத் தள்ளாது. 2014 ஓகஸ்டில வந்த எஸ்-எனெ சார்ஜிலதான் மோட்டரும் எஞ்சினுக்குக் கை குடுக்கத் தொடங்கினது, அதுவும் எல்லாக் கிரேடிலயும் இல்லை, எஃப்எக்ஸ் எண்ட கிரேட் பழையபடிதான். பொனெற்றைத் திறந்து சேசிஸ் நம்பரைப் பாருங்கோ, எம்எச்44எஸ் எண்டா மோட்டர் உதவி இருக்கு, எம்எச்34எஸ் எண்டா இல்லை. கார் கூடாதெண்டில்லை, ஹைபிரிட் விலை மட்டும் குடுத்திடாதேங்கோ.