பழைய கணினியும் டேப் ரெக்கார்டரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் வாப்பா குவைத்தில் வேலை பார்த்தபோது, 1980களின் பிற்பகுதியில், ‘ஸக்ர்’ கணினி ஒன்றையும் அதனுடன் இணைக்கும் சிறிய மோனோ டேப் ரெக்கார்டரையும் வாங்கி வந்தார்கள். கணினி இன்றும் இயங்குகிறது. ரெக்கார்டரில் பிளே பொத்தானை அழுத்தினால் மோட்டார் இரைகிறது, நாடா நகரவில்லை. பேசிக் மொழியில் அவர்கள் எழுதிச் சேமித்த நிரல்கள் சில கேசட்டுகளில் உள்ளன. ரெக்கார்டரைச் சரிசெய்வதா, வேறொன்று வாங்குவதா?
– வாசகர், கீழக்கரை

பதில்: சரிசெய்யுங்கள். வேறொன்றை வாங்கினாலும் இதைக் கைவிட வேண்டாம். உங்கள் வாப்பாவின் கேசட்டுகள் இதே ரெக்கார்டரில் பதிவானவை என்றால், அவற்றைப் பிழையில்லாமல் படிக்க இதைவிடப் பொருத்தமான கருவி கிடைப்பது அரிது. கேசட் நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஹெட்டை, அதாவது நாடாவைப் படிக்கும் முனையை, கடந்து செல்கிறது. ஹெட்டில் உள்ள நுண்ணிய இடைவெளி நாடாவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும் என்றாலும், வீட்டுக் கருவிகளில் அது இம்மியளவாவது சாய்ந்திருப்பது வழக்கம். எந்தச் சாய்வில் பதிவானதோ அதே சாய்வில் படித்தால் ஒலி தெளிவாக வரும். சாய்வு மாறினால் முதலில் மங்குவது உயர் அதிர்வெண்கள்தான். ‘ஸக்ர்’ வரிசையில் பெரும்பாலானவை எம்எஸ்எக்ஸ் எனும் பொதுத்தரத்தில் செய்யப்பட்ட வீட்டுக் கணினிகள். அந்த வகையில், 1200 பாட் (விநாடிக்கு 1200 பிட்) வேகத்தில் பதியும்போது, 0 என்பது 1200 ஹெர்ட்ஸில் ஓர் அலை, 1 என்பது 2400 ஹெர்ட்ஸில் இரண்டு அலைகள். 2400 ஹெர்ட்ஸ் மங்கிப்போனால் கணினிக்கு இரண்டையும் பிரித்தறிய முடியாமல் போய், நிரல் பாதியில் நின்றுவிடும்.

ஆகையால் ஹெட்டின் பக்கத்தில் சிறு ஸ்பிரிங்கோடு இருக்கும் திருகாணியை, வாப்பாவின் கேசட்டுகள் அனைத்தையும் படித்து முடிக்கும்வரை தொடவே கூடாது. பழுது பார்ப்பவர்களில் சிலர் ஹெட்டைத் துடைத்த கையோடு, கடையில் இருக்கும் பாட்டு கேசட் ஒன்றைப் போட்டு அந்தத் திருகாணியையும் திருப்பிவிடுவார்கள். பாட்டுக்கு அது நன்மை. உங்கள் நிரல்களுக்கு அது பெருங்கேடு. கடையில் கொடுப்பதாக இருந்தால் இதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

மோட்டார் சுழன்றும் நாடா நகரவில்லை என்றால், பெரும்பாலும் ரப்பர் பெல்ட்தான் காரணம். இத்தனை ஆண்டுகளில் அது தளர்ந்திருக்கும், அறுந்திருக்கும், அல்லது வள்ளத்துக்குப் பூசும் கீலைப் போல உருகிக் கப்பியில் ஒட்டியிருக்கும். மின் இணைப்பை எடுத்துவிட்டு, பேட்டரிகளையும் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். உருகியிருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் பொறுமையாகத் துடைத்தெடுங்கள். கொஞ்சம் எஞ்சினாலும் புது பெல்ட் வழுக்கும். பெல்ட் ஓடும் பாதையில் நூலைச் சுற்றி அளந்து, அந்த நீளத்தைவிட 5 முதல் 10 சதவீதம் குறைந்த சுற்றளவில் புது பெல்ட் வாங்குங்கள். பழையது சதுர வடிவா தட்டை வடிவா என்பதையும் பார்த்து, அதே வகையைப் போடுங்கள். ரப்பர் பேண்ட் மாட்டிச் சமாளிக்க வேண்டாம். அது சீராக இழுக்காது. நாடாவின் வேகம் மொத்தத்தில் சற்றுக் கூடியோ குறைந்தோ இருந்தால் எம்எஸ்எக்ஸ் கணினி தாங்கிக்கொள்ளும், ஏனெனில் பதிவின் தொடக்கத்தில் வரும் நீண்ட ஒலியை அளந்து அது தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இடையிடையே வேகம் தள்ளாடினால் அதற்குத் தாங்காது.

பெல்ட்டோடு வேலை முடிந்துவிடாது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று உலோகத்தை விட்டுவைப்பதில்லை. இயர், மைக், ரிமோட் துளைகளின் உட்தகடுகளில் பச்சை படிந்திருக்கும். அதைவிட முக்கியமானது சர்க்யூட் பலகையில் நீளவாக்கில் இருக்கும் பிளே–ரெக்கார்ட் மாற்றி. அதன் தொடுமுனைகள் கறுத்தால் ஒலி விட்டுவிட்டு வரும், அல்லது இரைச்சலோடு வரும். கான்டாக்ட் கிளீனரை அதற்குள் சிறிதளவு தெளித்து, மாற்றியைப் பலமுறை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வால்யூம் கட்டுப்பாட்டுக்கும் இதே வைத்தியம்தான். ஹெட்டையும் நாடாவை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டையும் ஆல்கஹாலால் துடையுங்கள். நாடாவை அந்தத் தண்டோடு அழுத்தும் பிஞ்ச் ரோலரின் ரப்பர் பளபளவென்று இறுகிப்போயிருந்தால் அதையும் மாற்றிவிடுவதே நல்லது. நாடா சுருண்டு கசங்குவதற்கு அதுவே பெரும்பாலும் காரணமாகிறது. பிளே பொத்தானை அழுத்திய நிலையிலேயே கருவியை நிறுத்தி வைத்தால் ரோலரில் பள்ளம் விழும் என்பதால், இனி அப்படி விடாதீர்கள்.

கருவி ஓடத் தொடங்கியதும் வாப்பாவின் கேசட்டைப் போட்டுவிட வேண்டாம். முதலில் போனாலும் கவலையில்லாத ஒரு கேசட்டை இருபுறமும் ஓடவிட்டுப் பாருங்கள். பிறகு நிரல் கேசட்டுகளின் மேல்விளிம்பில் உள்ள காதுகளை உடைத்துவிட்டால், தவறிப்போய் ரெக்கார்ட் அழுத்தினாலும் பதிவு அழியாது. முதல் ஓட்டத்திலேயே ஒலியை இன்றைய கணினி ஒன்றில் பதிந்துகொள்வது அவசியம். நாடா எப்போது அறும் என்று யாரும் சொல்ல முடியாது. இயர் துளையிலிருந்து லைன்-இன் (ஒலி உள்ளீட்டுத் துளை) உள்ள ஒலி அட்டைக்கு வயர் இழுத்து, 44,100 ஹெர்ட்ஸில் சுருக்கப்படாத வேவ் கோப்பாகச் சேமியுங்கள். எம்பி3 வேண்டாம்; இரைச்சல் நீக்கும் வசதிகள் எதுவும் வேண்டாம். அந்தக் கோப்பை எம்எஸ்எக்ஸ் கணினியைப் போலவே இயங்கும் ‘ஓபன்எம்எஸ்எக்ஸ்’ போன்ற மென்பொருளில் ஏற்றிப் பார்த்து, நிரல் முழுமையாக வந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளலாம்.

‘ஸக்ர்’ கணினியோடு இணைக்கும்போது எம்எஸ்எக்ஸ் வயரின் வெள்ளை முனை இயர் துளைக்கும், சிவப்பு முனை மைக் துளைக்கும், கறுப்பு முனை ரிமோட் துளைக்கும் உரியவை. கறுப்பு முனை செருகியிருக்கையில் நாடாவைச் சுற்றப் பார்த்தால் ஓடாது. கணினி மோட்டாரை நிறுத்தி வைத்திருப்பதே காரணம், பழுதில்லை. ‘மோட்டார் ஆன்’ கட்டளையைத் தட்டுங்கள், அல்லது அந்த முனையை உருவிவிடுங்கள். வால்யூமை முக்கால் பங்கில் தொடங்கிச் சிறிது சிறிதாக மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: சவுதியிலிருந்து வந்த டேப் ரெக்கார்டர் எங்களிடம் உள்ளது. ஒரு மூலையில் பல காலம் கிடந்தது. நேரடியாகக் கரன்டில் போடலாமா?
– வாசகர், தொண்டி

பதில்: போடாதீர்கள். சவுதியில் அக்காலத்தில் பல வீடுகளில் 127 வோல்ட் மின்சாரமே இருந்தது. கருவியின் பின்புறமோ அடிப்புறமோ 110, 220 என்று குறித்த மாற்றி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 220க்குத் திருப்புங்கள். இல்லாமல் 110 அல்லது 127 என்று மட்டும் அச்சிட்டிருந்தால், நம் ஊர் மின்சாரம் உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மரை எரித்துவிடும். எப்படியிருந்தாலும் முதல் சோதனையைப் பேட்டரியில் செய்வதே பாதுகாப்பு.

கேள்வி: பழைய கேசட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கிறது. ஓட்டிப் பார்க்கலாமா?
– வாசகர், பாம்பன்

பதில்: இப்போதைய நிலையில் ஓட்டினால் பூஞ்சை ஹெட்டிலும் ரோலரிலும் ஒட்டி, அடுத்த கேசட்டுக்கும் பரவும். பூஞ்சைத் தூள் மூச்சுக்கும் ஆகாது என்பதால் முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். கேசட்டை சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் சில நாள் வைத்து ஈரம் போக்குங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம், நாடா நெளியும். பிறகு, இதற்கென்றே ஒதுக்கிய மலிவான கருவி ஒன்றில், நாடா செல்லும் வழியில் உலர்ந்த மென்துணியை லேசாகத் தொடும்படி வைத்து, முழுவதையும் மெதுவாகச் சுற்றியெடுங்கள். துணியில் வெள்ளை படிவது நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சுத்திண்டு கழன்றிருந்தால், திருகாணி உள்ள வேறொரு நல்ல கேசட் கூட்டுக்குள் நாடாவை மாற்றிவிடலாம். இந்த வேலையை வாடைக் காலத்து மழை நாள்களில் செய்யாமல் காற்று உலர்ந்திருக்கும் மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.