நல்லூரில் சிரித்தவருக்கு மனவடு இருக்காதா?

கேள்வி: ஐயா, போன வருசம் எனது வான் ஒரு மோட்டார் சைக்கிளுடன் மோதிவிட்டது. மோட்டார் சைக்கிள் ஓடியவருக்குக் கால் முறிவு, இப்போது நன்றாக நடக்கிறார். ஆனால் கெட்ட கனவு வருகிறது, சைக்கிளில் ஏறப் பயம், எதுவும் நினைவில் நிற்பதில்லை என்று நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். நல்லூர்த் திருவிழாவில் அவர் கச்சான் சாப்பிட்டுக்கொண்டு சிரித்ததை என் மைத்துனர் படம் எடுத்திருக்கிறார். இது நடிப்புத்தானே?
- சுன்னாகம் வாசகர்

பதில்: அந்தப் படம் எதையும் நிரூபிக்காது. மனவடு, அதாவது பயங்கரமான சம்பவத்துக்குப் பிறகு மனதில் தங்கிவிடும் பாதிப்பு (PTSD), வந்தவர் நாள் முழுக்க அழுதுகொண்டிருப்பதில்லை. திருவிழாவில் சிரித்துவிட்டு, அடுத்த நாள் பலாலி வீதியில் ஒரு வான் ஹோர்ன் அடித்ததும் நடுங்கிப்போய் நிற்கலாம். சைக்கிளில் ஏறவே முடியாது என்று சத்தியக் கடதாசி கொடுத்தவர் தினமும் திருநெல்வேலிச் சந்தைக்கு அதே சைக்கிளில் போய்வருகிறார் என்றால், அது வேறு கதை.

இந்த நோய் 1980இல்தான் அமெரிக்க மனநலக் கையேட்டில் தனிப்பெயரோடு சேர்ந்தது. பெரும்பாலும் நோயாளி சொல்வதை வைத்தே தீர்மானிக்க வேண்டியிருப்பதால், பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் வைத்தியர்கள் கூடுதல் கவனம் எடுப்பார்கள். எந்த நோயிலும் ஒன்றாக வராத அறிகுறிகளை வேண்டுமென்றே கேட்டுப் பார்ப்பார்கள், எல்லாவற்றுக்கும் "ஓம்" என்று சொல்கிறவரிடம் சந்தேகம் வரும். உண்மையில் அடிபட்டவர்கள் பலர் விபத்தைப் பற்றிப் பேசவே விரும்பமாட்டார்கள், கேட்டுக் கேட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

மறதிக்கு ஒரு சோதனை இருக்கிறது: 50 படங்களைக் காட்டிவிட்டு, பிறகு இரண்டிரண்டாக வைத்து முன்பு பார்த்தது எது என்று கேட்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே 25 அளவில் சரியாக வரும். ஒருவர் 12 மட்டும் எடுத்தால், சரியான விடை தெரிந்தே தவிர்த்திருக்கிறார் என்றுதான் எண்ண வேண்டும்.

ஆனாலும் எனக்கு ஒரு பயம் உண்டு. இப்படியான பல சோதனைகள் வெளிநாட்டு ஆட்களை வைத்து அளவிடப்பட்டவை. எங்கள் சனம் மனக்கவலையைத் தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, உடம்பு எரிவு என்றுதான் சொல்லும், அதைக் கூட்டிச் சொல்வதாகப் பிழையாக எடுத்துவிடலாம். போரைக் கண்ட ஒருவருக்குப் பழைய காயமும் இந்த விபத்தில் கிளறுப்பட்டிருக்கலாம். இன்னும் சிலருக்கு நோவு உண்மைதான், நம்பமாட்டார்களோ என்று பயந்து கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்கிறார்கள். அதை முழுப் பொய்யோடு சேர்க்கக்கூடாது.

சரி, நீங்கள் செய்யக்கூடியது: காப்புறுதிக் கம்பனிக்கு இன்னும் அறிவிக்கவில்லை என்றால் உடனே அறிவியுங்கள். வேறொரு மனநல வைத்தியரின் பரிசோதனையையும், விபத்துக்கு முன்னும் பின்னும் உள்ள கிளினிக் பதிவுகளையும் நீதிமன்றம் மூலம் கேட்கச் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். மைத்துனரை அவர் பின்னால் அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள்.