எண்ணெய் மிதக்கும், சரி... எந்தப் பக்கம்?

கேள்வி: விருதுநகர் பக்கம் செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறோம். என் தம்பி பொறியியல் முடித்தவன். சில மாதங்களாக யூடியூபில் எதையெதையோ பார்த்துவிட்டு, “புவியீர்ப்புன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுக்கா, எல்லாம் அடர்த்திதான்” என்கிறான். கடையில் ஒரு டம்ளர் தண்ணீரில் நல்லெண்ணெயை ஊற்றி, “கனமானது கீழே, லேசானது மேலே. இதுக்கு எதுக்கு ஈர்ப்பு?” என்று கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் மாமா பக்கம் சேர்ந்துவிட்டாள். பரீட்சையில் அப்படியே எழுதிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: அம்மா, உங்கள் தம்பி டம்ளரில் காட்டியது பொய்யில்லை. அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் 1000 கிராம் என்றால் ஒரு லிட்டர் நல்லெண்ணெய் சுமார் 920 கிராம்தான். எண்ணெயை லிட்டரிலும் கிலோவிலும் விற்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் மேலே வருவதற்கு அந்த 80 கிராம் வித்தியாசம்தான் காரணம்.

அவர் வழுக்குவது அதற்கு அடுத்த படியில். ஓர் அளவு இடத்துக்குள் எவ்வளவு பொருள் அடைந்திருக்கிறது என்ற கணக்குத்தான் அடர்த்தி. 920 என்ற எண்ணுக்குத் திசை ஏது? இரண்டில் எது அடியில் போகும் என்று அது சொல்லும். ஆனால் அடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. “கீழே என்றால் கீழேதான்” என்பார் தம்பி. விடாதீர்கள்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தக் குழாய்களைப் போட்டுச் சுற்றுகிற இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பணுக்களுக்கு அடர்த்தி அதிகம். சுற்றும்போது அவை தரையை நோக்கிப் போவதில்லை, வட்டத்தின் வெளிப்பக்கமாக ஓடி ஒதுங்குகின்றன. பங்குனிப் பொங்கல் கடையில் வாங்கிய கேஸ் பலூனைக் காரில் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். பிரேக் போட்டால் நாம் எல்லோரும் முன்னால் சாய்வோம், பலூன் மட்டும் பின்னால் போகும். காரிலுள்ள காற்று முன்பக்கம் போய் நெருக்குகிறது, பலூன் எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. பலூனின் அடர்த்தி கொஞ்சமும் மாறவில்லை. மாறியது ‘கீழே’ தான்.

டம்ளரிலும் இதுதான் நடக்கிறது. தண்ணீருக்கு எடை இருப்பதால் மேலே உள்ள தண்ணீர் அடியிலுள்ளதை அழுத்துகிறது. ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடுகிறது. ஆகவே எண்ணெய்த் துளியைக் கீழிருந்து தள்ளுவது, மேலிருந்து அமுக்குவதைவிட அதிகம். அதனால் துளி ஏறுகிறது. அந்த எடையை நீக்கிவிட்டால் அழுத்தத்தில் வித்தியாசமே வராது, தள்ளவும் ஒன்றும் இருக்காது. எண்ணெய் மிதப்பதற்கே ஈர்ப்பு வேண்டியிருக்கிறது!

இதையெல்லாம் வாயால் சொன்னால் தம்பி வேறொரு வீடியோவைக் காட்டுவார். அதனால் ஒரு பழைய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை எடுத்து, அடிப்பக்கம் ஓரமாக ஒரு ஓட்டை போடுங்கள். தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தே வைத்துப் பிடித்தால் ஓட்டையிலிருந்து பீய்ச்சும். இப்போது மாடியிலிருந்து பாட்டிலைக் கைவிடப் போகிறோம், விழும்போது தண்ணீர் என்ன ஆகும் என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். தம்பியும் எழுதட்டும், மகளும் எழுதட்டும். இந்த எழுதும் வேலையை மட்டும் தவறவிடாதீர்கள். பார்த்தபின் “நானும் அதைத்தான் நினைத்தேன்” என்று சொல்லாத ஆளை நான் கண்டதில்லை. கீழே யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, செல்போனில் ஸ்லோமோஷனில் எடுங்கள்.

கையை விட்ட கணம் தண்ணீர் நின்றுவிடும். தரையைத் தொடும்வரை சொட்டாது. தண்ணீர் காற்றைவிட 800 மடங்கு அடர்த்தியானது. விழும்போதும் அப்படியேதான் இருந்தது. அடர்த்திதான் அதைக் கீழே தள்ளுகிறது என்றால் ஏன் நிற்க வேண்டும்? பாட்டிலும் தண்ணீரும் ஒரே வேகத்தில் சேர்ந்து விழுவதால் ஒன்றை ஒன்று அழுத்தவில்லை, அவ்வளவுதான். “வேகமா விழுறதால தண்ணி பின்தங்குது” என்று தம்பி சமாளித்தால், பாட்டிலை மேல்நோக்கித் தூக்கி எறியச் சொல்லுங்கள். கையை விட்டபின், மேலே ஏறும்போதும் தண்ணீர் நின்றுதான் இருக்கும்.

நிலவில் 1971-ல் அப்பல்லோ 15 வீரர் டேவிட் ஸ்காட் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டதையும், இரண்டும் ஒன்றாகவே விழுந்ததையும் முதலிலேயே எடுத்துவிடாதீர்கள். தம்பி பார்க்கிற மாதிரி வீடியோக்களைப் போடுவது, நாசா என்றாலே கட்டுக்கதை என்கிற கூட்டம். ஈர்ப்பின்மேல் அவர்களுக்கு ஏன் இத்தனை கோபம் தெரியுமா? எல்லாப் பொருளையும் நடுவை நோக்கி இழுக்கிற ஒன்று இருந்தால், பூமி அளவு பெரிய பொருள் உருண்டையாகத்தான் திரளும். தட்டையான பூமி வேண்டும் என்பவர்களுக்கு ஈர்ப்பு இருக்கக் கூடாது. தம்பிக்கு இந்தப் பின்கதை தெரியாமலும் இருக்கலாம்.

நாசாவுக்கு வெகுகாலம் முன்பே, 1797-98-ல், இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ் என்ற விஞ்ஞானி ஒரு கொட்டகையில் ஆறடி மரத்தண்டைக் கம்பியில் தொங்கவிட்டு, இரு நுனியிலும் சிறிய ஈயக் குண்டுகளை மாட்டினார். பக்கத்தில் தலா 158 கிலோ ஈயக் குண்டுகள் இரண்டைக் கொண்டுவந்தார். தன் உடம்புச் சூடு காற்றைக் கலைத்துவிடும் என்று, வெளியில் நின்று தொலைநோக்கியால் பார்த்தார். தண்டு திரும்பியது. மிகச் சிறிய மணல் துகளின் எடை அளவுக்கான இழுப்புத்தான், ஆனால் அது பக்கவாட்டில் இழுத்த இழுப்பு! ஈயம் ஈயத்தை நோக்கிப் பக்கவாட்டில் நகர்வதற்கு ‘கனமானது கீழே’ என்ற சட்டத்தில் இடமே இல்லை.

“ஐன்ஸ்டைனே ஈர்ப்பு ஒரு விசை இல்லைன்னு சொல்லிட்டாரே” என்றும் கேட்பார். சொன்னார்தான், 1915-ல். பொருள் கூடிய இடத்தில் காலமும் வெளியும் வளைகின்றன என்றார். அந்தக் கணக்கிலும் சுத்தியலும் இறகும் சேர்ந்தேதான் விழும். அடர்த்திக்கு அங்கேயும் வேலையில்லை.

மகளின் பரீட்சைக்கு வருவோம். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் பாய்மங்கள் பாடம் இருக்கிறது. மிதப்பு விசை என்பது திரவத்தின் அடர்த்தி, மூழ்கிய பருமன், புவியீர்ப்பு முடுக்கம் மூன்றின் பெருக்கல். கடைசி எண்ணைச் சுழியமாக்கிக் கணக்குப் போடச் சொல்லுங்கள். மாடியிலிருந்து விட்ட பாட்டிலைப் போலவே எடை தெரியாத நிலையில் பூமியைச் சுற்றிய ஸ்கைலாப் விண்கலத்தில், 1973-74-ல் எண்ணெயையும் தண்ணீரையும் குலுக்கி வைத்தபோது, மணிக்கணக்கில் பிரியாமல் கலந்தபடியே கிடந்தன. அவள் போடும் கணக்கிலும் அதே விடைதான் வரும். அதை மாமாவிடம் அவளே கொண்டுபோய்க் காட்டட்டும்.